கரைச் சிலாஸ்

சிலாஸுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. வேறு ஊரில் பிறந்திருந்தால் இதை யாரும் குறையாகவே எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அவனுக்கே தெரியாமல்கூடப் போயிருக்கும். ஆனால் அவன் பிறந்தது டிரிஸ்டனில். அட்லாண்டிக்கின் தென்பாதியில், எந்தத் திசையில் போனாலும் அடுத்த ஊர்க்காரன் முகத்தைப் பார்க்கக் கப்பலில் ஒரு வாரம் ஆகும் தீவு அது. மலைக்கும் கடலுக்கும் நடுவில் துண்டு போட்டதுபோல் ஒரு சமவெளி, அதில் ஒரே ஊர், அதில் இருநூறு பேருக்குள் ஜனம். அங்கே ஆம்பளை என்றால் படகில் அவனுக்கென்று ஓர் இடம் இருக்கும். இன்னார் மகன், இன்ன படகு, இத்தனாவது துடுப்பு என்றுதான் ஒருவனைச் சொல்வார்கள்.

பதினைந்து வயதில் அவனுக்கும் ஓர் இடம் கிடைத்தது. ஆர்ச்சி மாமாவின் படகில் நான்காவது துடுப்பு. மரச்சட்டத்தின் மேல் கித்தான் போர்த்துச் சாயம் அடித்த நீளப் படகு. செப்டம்பரில் பென்குயின் முட்டை எடுக்க நைட்டிங்கேல் தீவுக்குப் போவார்கள். இருபது மைல் தூரம். கரையோரத்துக் கடற்பாசிப் பட்டையைத் தாண்டுவதற்குள் சிலாஸ் வாந்தி எடுத்தான்.

"என்னடா இது? இன்னும் பாசியைக்கூடத் தாண்டல, அதுக்குள்ள மீனுக்குப் பந்தி வைக்கிறே?" என்றார் சுக்கான் பிடித்திருந்த ஆர்ச்சி.

"முடியல மாமா."

"முதல் தடவை எல்லாருக்கும் அப்படித்தான். துடுப்பை விடாதே."

துடுப்பை அவன் விடவில்லை. குடலில் ஒன்றும் மிச்சமில்லாமல் பச்சைத் தண்ணீராய் வந்தபோதும் வலித்துக்கொண்டே இருந்தான். நைட்டிங்கேலில் இறங்கியதும் ஆளே மாறிவிட்டான். ஆளுயரப் புல்லுக்குள் புகுந்து புறப்பட்டு மற்ற எல்லோரையும்விட அதிகமாக முட்டை எடுத்தான். நான்கு நாள் கழித்துத் திரும்பும்போது மறுபடி அதே கதை. அடுத்த வருஷமும் அதே. அதற்கடுத்த வருஷம் பாதி வழியில் மயங்கி முன்னால் இருந்தவன் முதுகில் சாய்ந்துவிட்டான்.

ஆர்ச்சி கெட்டவர் அல்ல. கரையில் எல்லோர் முன்னாலும் சொல்லாமல் அவன் வீட்டுக்கே வந்து, அவன் அம்மாவிடம் சொன்னார்.

"இந்தா பாரு தாயி, ஆறு துடுப்புல அஞ்சு பேர் வலிக்கிறாங்க, ஒருத்தன் கக்குறான். காத்து திரும்பிச்சுன்னா ஏழு பேரும் போய்ச் சேருவோம். உன் மகன் நல்ல பையன். ஆனா அவன் கரைக்குத்தான் லாயக்கு."

அன்றிலிருந்து அவன் கரைச் சிலாஸ் ஆனான். தீவில் குடும்பப் பெயர்கள் மொத்தமே ஏழெட்டுதான் என்பதால் பட்டப்பெயர் ஒட்டினால் உரிந்து வராது.

கரைக்கும் ஆள் வேண்டும். டிரிஸ்டனில் துறைமுகம் கிடையாது. கறுப்பு மணலும் உருண்டைக் கல்லும் கலந்த கரையில் அலை நேராக வந்து அறையும். படகு திரும்பும்போது யாராவது நெஞ்சளவு தண்ணீரில் நின்று, அலைகளை எண்ணி, "இப்ப வா!" என்று கத்தி, படகின் முனையைப் பிடித்து இழுக்க வேண்டும். ஒரு கணம் பிந்தினால் படகு பக்கவாட்டில் புரளும். அந்தத் தண்ணீர் எலும்பு வரை குளிரும். சிலாஸ் தினமும் அதில் நின்றான். கால் தரையில் இருக்கும்வரை அவனைக் கடல் ஒன்றும் செய்யாது.

மற்ற நேரம் முழுக்க அவன் கிழங்குக் கொல்லையில்தான். ஊரிலிருந்து இரண்டு மைல் மேற்கே, கல்சுவர் வைத்துத் தடுத்த சின்னச் சின்னப் பாத்திகள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் சில பாத்திகள். டிரிஸ்டனில் உருளைக்கிழங்கு இல்லாத சாப்பாடு கிடையாது. காலையில் கிழங்கு, மதியம் கிழங்கு, விருந்து என்றால் கிழங்கில் செய்த பணியாரம். மீன்பிடிக்க நல்ல நாளாக இருந்தால் விடியும்போது ஊர் நடுவில் தொங்கும் மணியை அடிப்பார்கள். ஆம்பளைகள் எல்லோரும் கரையைப் பார்த்து ஓடுவார்கள். சிலாஸ் மட்டும் கழுதையை ஓட்டிக்கொண்டு எதிர்த்திசையில் நடப்பான்.

ஆர்ச்சியின் மகள் ரோடா அவனுக்குக் காலுறை பின்னிக் கொடுத்தது அவனுடைய பத்தொன்பதாவது வயதில். தீவில் ஒரு பெண் ஓர் ஆணுக்குக் காலுறை பின்னினால் அதன் விளிம்பில் போடும் வண்ணக் கோடுகளை ஊரே எண்ணும். சும்மா ஒரு மரியாதைக்கு என்றால் ஒன்றிரண்டு. ரோடா ஐந்து போட்டிருந்தாள்.

"அஞ்சு கோடா?" என்றார் ஆர்ச்சி. "எவனுக்குடி?"

"சிலாஸுக்கு."

"படகுல இடமில்லாதவனுக்கா? குளிர் காலத்துல பறவைக் கொழுப்பு யாரு கொண்டாருவா? முட்டை யாரு கொண்டாருவா?"

"நீங்க கொண்டாருங்கப்பா. உங்களுக்குத்தான் படகு இருக்கே."

ஆர்ச்சி ஒரு வருஷம் பிடி கொடுக்கவில்லை. அந்த வருஷம் கிழங்குக் கொல்லையில் புழு விழுந்தது. இலையெல்லாம் சல்லடையாகி, தோண்டினால் கோலிக்குண்டு அளவில்தான் கிழங்கு. சிலாஸ் மட்டும் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை பாத்தியில் குப்புறக் கிடந்து ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் புழு பொறுக்கினான். ஆட்டுப் புழுக்கையும் கடற்பாசியும் கலந்து மக்கவைத்து முன்னமே போட்டிருந்தான். பிப்ரவரியில் அவன் பாத்தியில் இரண்டு கை சேர்த்து ஏந்தும் அளவுக்குக் கிழங்கு வந்தது. அதில் பாதியை அவன் அம்மா வீடு வீடாகக் கொடுத்தாள். அங்கே குளிர்காலமான ஜூலை மாதம், புயல் ஓயாமல் மூன்று வாரம் படகு இறங்காமல் கிடந்தபோது, ஆர்ச்சி சிலாஸ் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து மூன்று தட்டுக் கிழங்கு சாப்பிட்டார். நான்காவது தட்டு வேண்டாம் என்று கையால் மறைத்துக்கொண்டு, "சரி, கட்டிக்கோ. கிழங்குக்கு வாந்தி வராது" என்றார்.

வீடு கட்ட இரண்டு வருஷம் ஆயிற்று. மென்மையான எரிமலைக் கல்லை மலையடியில் உடைத்து மாட்டு வண்டியில் கொண்டுவந்து கோடரியால் செதுக்கினான். கூரை வேய ஊரே வந்தது. அடுத்த வருஷம் ஐவி பிறந்தாள். அதற்குப் பிறகு குழந்தை இல்லை. சிங்கி இறால் பதனிடும் தொழிற்சாலை வந்தபோது ரோடா அங்கே வேலைக்குப் போனாள். ஐவியும் பள்ளிக்கூடம் முடித்ததும் அங்கேயே போனாள். இப்படியே போயிருந்தால் சிலாஸைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றும் இருந்திருக்காது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று ஆகஸ்டில் பூமி நடுங்கத் தொடங்கியது. முதலில் அலமாரியில் தட்டுகள் கலகலத்தன. பிறகு மலையிலிருந்து பாறைகள் உருண்டன. கதவு நிலைகள் கோணிக்கொண்டு, இன்றைக்குத் திறந்த கதவு நாளைக்குத் திறக்கவில்லை. அக்டோபரில் ஒரு நாள் ஊரின் கிழக்கு ஓரத்தில், தொழிற்சாலைக்கு மேலே, புல்தரை பிளந்தது. பிளவுக்கு அந்தப் பக்கம் மண் மேடாக எழும்பத் தொடங்கியது. சிலாஸ் பார்க்கப் போனபோது இடுப்பளவு இருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து போனபோது வீட்டுயரம் இருந்தது. ஆடுகள் அதன் சரிவில் மேய்ந்துகொண்டிருந்தன.

எல்லோரும் கிழங்குக் கொல்லைக்கு நடந்தார்கள். அங்கே பாத்திகளுக்கு நடுவே இருந்த சின்னக் குடிசைகளில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மறுநாள் காலையில் மேட்டின் தலை வெடித்துப் புகையும் சிவப்பும் தெரிந்தன. ஊரைக் காலி பண்ண வேண்டும் என்று முடிவாயிற்று. நைட்டிங்கேலுக்குப் போய், அங்கிருந்து கப்பலில் கேப்டவுன், அங்கிருந்து இங்கிலாந்து.

கடைசிப் படகுகளில் ஒன்றில் சிலாஸ் ஏறினான். எழுபது வயது ஆர்ச்சி அதில்தான் இருந்தார். சிலாஸின் முகம் வெளுத்ததைப் பார்த்து நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

"காத்து போற பக்கமா எடுடா. போன தடவை என் சட்டையெல்லாம் பாழ்."

"போன தடவைன்னா அது இருபத்தி மூணு வருஷம் மாமா."

"சட்டை நல்ல சட்டை" என்றார் ஆர்ச்சி.

அன்று படகில் வாந்தி எடுத்தது சிலாஸ் மட்டும் அல்ல. பெண்கள், குழந்தைகள் எல்லோரும் எடுத்தார்கள். பாதிப் பேர் அழுதார்கள். யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

கப்பலில் மூன்று வாரத்துக்கு மேல் அவன் மேல்தளத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மல்லாந்தே கிடந்தான். இங்கிலாந்தில் இறங்கியபோது இடுப்பு வாரில் புதிதாக இரண்டு துளை போட வேண்டியிருந்தது.

அந்தக் குளிர்காலம் மோசமாக இருந்தது. முதலில் ஒரு பழைய முகாமில் தங்கவைத்தார்கள். தீவில் ஜலதோஷம் என்பதே கப்பல் வந்தால்தான் வரும். இங்கே தெருவில் நடந்தாலே வந்தது. நெஞ்சுச் சளியில் நாலைந்து வயதானவர்கள் அடுத்தடுத்துப் போனார்கள். ஜனவரியில் ஆர்ச்சி போனார். மண் உறைந்து கிடந்ததால் குழிவெட்டியவர்கள் கடப்பாரை வைத்துக் குத்த வேண்டியிருந்தது. ரோடா குழியின் ஓரத்தில் நின்று, "எங்கப்பாவுக்கு இங்க யாரைத் தெரியும்?" என்று மட்டும் கேட்டாள்.

பிறகு சவுத்தாம்ப்டன் பக்கம் கடலோரத்தில் வரிசை வீடுகளில் குடிவைத்தார்கள். ரோடா ஒரு சலவைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஐவி பிஸ்கட் தொழிற்சாலைக்குப் போனாள். சிலாஸுக்கு நகராட்சிப் பூங்காவில் தோட்ட வேலை கிடைத்தது. மேஸ்திரி பார்லோ என்பவர், சிவந்த மூக்கும் பெரிய வயிறும் உள்ளவர், முதல் வாரமே சொன்னார்: "யோவ், மெதுவாச் செய்யுய்யா. நீ இப்படிக் கொத்தினா மத்தவங்க நாளைக்கு என்ன செய்வாங்க?"

சிலாஸுக்கு அந்த நாடு பிடித்திருந்தது. அதை அவன் யாரிடமும் மறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பொட்டலம் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். கடலுக்கு முதுகைக் காட்டி ஒரே திசையில் நடப்பான். காடு வரும், ஊர் வரும், கோயில் வரும், மறுபடி காடு வரும். நிலம் தீரவே தீராது. டிரிஸ்டனில் எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு மணி நேரத்தில் மலை அல்லது தண்ணீர் வந்து நிறுத்தும். நாற்பத்திரண்டு வயதில் முதல்முறையாக அவன் நிறுத்த ஆளில்லாமல் நடந்தான். இருட்டிய பிறகு பஸ்ஸில் திரும்பி வருவான்.

அந்தச் சமயம் தீவுக்காரர்களைப் பார்க்க யாராவது வந்துகொண்டே இருந்தார்கள். ரத்தம் எடுக்க டாக்டர்கள், பேச்சைப் பதிவுசெய்ய யாரோ, படம் பிடிக்கப் பத்திரிகைக்காரர்கள். ஒரு நாள் பூங்காவுக்கே ஒரு நிருபர் வந்தார்.

"கடலை விட்டுட்டு வந்தது கஷ்டமா இருக்கா?"

"இல்லையே. கடல் எனக்கு ஆகாது."

"தீவு ஞாபகம் வருதா?"

சிலாஸ் யோசித்தான். "இப்ப நீங்க கேட்டதால வருது" என்றான்.

மறுநாள் பத்திரிகையில் அவன் படத்தைப் போட்டு, கடலை வெறுக்கும் தீவுக்காரர் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். அன்று மாலை ரோடாவின் சித்தப்பா மகன் வில்ஃப் வீட்டுக்கே வந்துவிட்டான். ஆர்ச்சிக்குப் பிறகு அந்தப் படகு அவனுக்குத்தான். எரிமலை அடங்கிவிட்டது, எங்களைத் திருப்பி அனுப்புங்கள் என்று அதிகாரிகளுக்கு மனு மேல் மனு போட்டுக்கொண்டிருந்தவனும் அவன்தான்.

"ஏன்யா, உனக்கு வாயைப் பொத்திக்கிட்டு இருக்கத் தெரியாதா? நாங்க அங்க ஆபீஸ் ஆபீஸா ஏறி, எங்களால இங்க இருக்க முடியலன்னு சொல்லிக்கிட்டு இருக்கோம். நீ பேப்பர்ல சொகமா இருக்கேன்னு போஸ் கொடுக்கிறே!"

"கேட்டாங்க. சொன்னேன்."

"ஒரு பொய் சொன்னா கொறைஞ்சா போயிருவே?"

"கடல் எனக்குப் பிடிக்கும்னு சொன்னா நம்ம ஆளுங்களே சிரிப்பாங்களே வில்ஃப்."

வில்ஃப் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனான். ரோடா தேநீர்ப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தச் சுடுதண்ணீர்க் குழாய் மேல் ஒரு தீராத ஆச்சரியம். வேலை முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் கையை அதன் கீழே வைத்துக்கொண்டு நிற்பாள்.

டிசம்பரில் வாக்கெடுப்பு வைத்தார்கள். திரும்பிப் போகிறீர்களா, இங்கேயே இருக்கிறீர்களா? ரகசியச் சீட்டு. முந்தின நாள் இருவரும் படுக்கை விரித்துக்கொண்டிருந்தபோது ரோடா கேட்டாள்.

"நீ எதுக்குப் போடப் போறே?"

"ரகசியம்னு சொன்னாங்கல்ல?"

"என்கிட்டகூடவா?"

"சரி, நீ முதல்ல சொல்லு."

"ரகசியம்" என்று ரோடா போர்வையை உதறினாள்.

முடிவை ஊர்க்கூடத்தில் வாசித்தார்கள். ஏறக்குறைய எல்லோரும் போகத்தான் போட்டிருந்தார்கள். இருக்கிறோம் என்று போட்டவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். கூடமே அதிரக் கைதட்டினார்கள். தட்டி முடித்ததும் ஒவ்வொருவராகத் திரும்பிச் சிலாஸைப் பார்த்தார்கள். வெளியே வரும்போது வில்ஃப் மட்டும், "உன் பூங்காவுல எங்களுக்கும் ஒரு பெஞ்சு போட்டு வை. எப்பவாவது வந்தா உக்காந்துட்டுப் போறோம்" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் சிலாஸ் தொப்பியைக் கழற்றி மாட்டிவிட்டுச் சொன்னான்: "நான் போறதுக்குத்தான் போட்டேன்."

ரோடா அவனை உற்றுப் பார்த்தாள். "நீயா? ஞாயித்துக்கிழமை ஆனா வீடே தங்காம நடக்கிறியே. பார்லோ உன்னை நிரந்தரமா வச்சுக்கிறேன்னு சொல்லியிருக்காரே. கப்பல்ல ஒரு மாசம் கிடக்கணுமேய்யா. எதுக்குப் போறே?"

சிலாஸ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"அஞ்சு மணியானா மம்பட்டியை வாங்கிக்கிறாங்க, ரோடா."

"என்னது?"

"மணி அடிச்சதும் மம்பட்டியைக் கழுவிக் கொட்டகையில கொடுத்துரணும். பூட்டிருவாங்க. இன்னும் ரெண்டு மணி நேரம் வெளிச்சம் இருக்கும், பாத்தி பாதியில கிடக்கும். நாளைக்குப் பாத்துக்கலாங்கிறாங்க. அங்க நட்டதையெல்லாம் பூ உதிர்ந்ததும் பிடுங்கி எரிச்சுடுறாங்க. திங்கிறதுக்கு ஒண்ணுமே நடலை. நல்ல மனுஷங்கதான். பார்லோ ரொம்ப நல்ல மனுஷன்."

ரோடா அப்போதும் தன் சீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. எல்லோரும் போகத்தானே போட்டார்கள், அவளும் போட்டிருப்பாள் என்று இருந்துவிட்டான்.

வசந்தத்தில் ஐம்பது பேர் முதலில் போவது என்றும் மற்றவர்கள் வருஷக் கடைசியில் வருவது என்றும் ஏற்பாடாயிற்று. ஐவிக்கு அதற்குள் நிச்சயம் ஆகியிருந்தது. பையன் நெவில், பஸ் பட்டறையில் மெக்கானிக். அவள் இங்கேதான் இருப்பாள். ஜூலையில் கல்யாணம்.

"கிழங்கு நட ஆள் வேணும். நான் முன்னாடி போறேன். நீ கல்யாணத்தை முடிச்சுட்டு வா" என்றான் சிலாஸ்.

"முடிச்சுட்டு... பாக்கலாம்" என்றாள் ரோடா.

துறையில் ஐவி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றாள். "அப்பா, என் கல்யாணத்துக்கு இருக்கக்கூடாதா?"

"கொத்துற காலம் தப்பிரும்மா."

பிறகு பல வருஷம் இந்த ஒரு வாக்கியத்துக்காக அவன் வருத்தப்பட்டான். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்ல நிறைய இருந்தது.

அவன் கப்பலேறியதைப் பார்த்தும் ஊர் நம்பவில்லை. இங்கிலாந்தில் இருக்கத்தான் சீட்டுப் போட்டுவிட்டு, ஊர்வாய்க்குப் பயந்து ஏறிவிட்டான் என்றார்கள். பெண்டாட்டியை அங்கேயே விட்டு வந்திருக்கிறானே, அதிலிருந்தே தெரியவில்லையா என்றும் சொன்னார்கள்.

டிரிஸ்டனில் எரிமலைக் குழம்பு இறுகி, கறுப்பாக, வீடுகளை ஒட்டியே நின்றிருந்தது. தொழிற்சாலை அதன் அடியில். படகு இறங்கும் பழைய கரையும் அடியில். வீடுகள் தப்பித்திருந்தன. ஆனால் ஆளில்லாத சமயத்தில் யார் யாரோ கப்பலில் வந்து இறங்கிக் கதவை உடைத்து அகப்பட்டதை எடுத்துப் போயிருந்தார்கள். ரோடாவின் அடுப்பை உடைத்துப் போட்டிருந்தார்கள். அவள் தையல் மெஷின் இல்லை. ஆடுகள் பெரும்பாலும் இல்லை. கழுதைகள் மட்டும் சீந்துவாரில்லாமல் கொழுத்து, ஆளைக் கண்டதும் கத்திக்கொண்டு ஓடின.

சிலாஸ் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு நேராகக் கிழங்குக் கொல்லைக்குப் போனான். சுவர்கள் நின்றன. பாத்திகளில் புல் முழங்காலளவு. கையால் மண்ணை விலக்கிப் பார்த்தான். எடுக்காமல் விட்ட கிழங்குகள் தானாக முளைத்து, தானாகக் காய்த்து, புழு தின்றது போக மிச்சம் இருந்தன. அவற்றைப் பொறுக்கி விதைக்குச் சேர்த்தான். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் தன் பாத்தியோடு, இன்னும் வராதவர்களின் பாத்திகளிலும் நட்டான். வில்ஃபின் பாத்தியிலும் நட்டான். மாலை வெளிச்சம் கடைசிச் சொட்டு வரை இருந்து கொத்தினான்.

ரோடாவின் ஒரே கடிதம் எழுதி மூன்று மாதம் கழித்து ஒரு மீன்பிடிக் கப்பலில் வந்தது. கல்யாணம் நல்லபடியாக நடந்தது, ஐவி நீலத் தொப்பி வைத்திருந்தாள், நெவிலின் அம்மா நல்லமாதிரி, அப்பாவின் கல்லறைக்குப் பெயர்ப்பலகை வைத்தாயிற்று. கடைசியில், 'வருவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்' என்று எழுதியிருந்தது. வருகிறேன் என்று எழுதவில்லை.

நவம்பரில் கப்பல் வரும் செய்தி ரேடியோவில் வந்தது. பெயர்ப் பட்டியலும் வந்தது. சிலாஸ் போய்க் கேட்டான்.

"ரோடா இருக்கா?"

"ரோடான்னு ஒரு பேர் இருக்குண்ணே" என்றான் ரேடியோக்காரன். "ஆனா இன்னும் வராத ரோடா நம்மள்ல மூணு பேர் இருக்காங்களே. எந்த ரோடான்னு தெரியல. குடும்பப் பேரு காத்துல கேக்கல."

"திருப்பிக் கேக்க முடியுமா?"

"நாளைக்குக் கேக்கிறேன்."

மறுநாள் அவன் கேட்டுச் சொல்வதற்குள் கப்பலே வந்துவிட்டது. புதுக் கரை பழையதைவிட மோசம். சிலாஸ் நெஞ்சளவு தண்ணீரில் நின்று ஒவ்வொரு படகாகப் பிடித்து இழுத்தான். முதல் படகில் ஒரு ரோடா வந்தாள், எழுபது வயதுக்காரி. சிலாஸ் அவளைத் தூக்கிக் கரையில் விட்டு மறுபடி தண்ணீருக்குள் போனான். ஐந்தாவது படகில் அவன் ரோடா இருந்தாள். தலையில் இங்கிலாந்துத் தொப்பி, மடியில் பெரிய துணிமூட்டை, மூக்கு சிவந்து நல்ல ஜலதோஷம். அவள் பெயரைப் பட்டியலில் சேர்க்கவே மறந்திருந்தார்கள்.

"மெலிஞ்சு போயிட்டியே" என்றாள் முதல் பேச்சாக. "கிழங்கு நடத் தெரிஞ்சவனுக்கு அவிக்கத் தெரியல போல."

"அடுப்பு உடைஞ்சு கிடக்கு."

"எழுதியிருந்தா நான் ஒண்ணு கொண்டாந்திருப்பேன்ல?"

"வருவியான்னு தெரியாதே."

அவள் மூட்டையை அவன் கையில் திணித்தாள். திரைச்சீலைத் துணி. சன்னல் கண்ணாடிகளே அப்போது வீட்டில் இல்லை.

பிப்ரவரியில் அறுவடை. இருவரும் பாத்தியில் எதிரெதிரே குனிந்து கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தபோது, ரோடா தலை நிமிராமலே சொன்னாள்: "அந்தச் சீட்டுல நான் இருக்கிறதுக்குத்தான் போட்டேன்."

சிலாஸ் கையிலிருந்த கிழங்கைக் கூடையில் போட்டான். இன்னொன்றை எடுத்து மண்ணைத் துடைத்தான். "குழாய்க்காகவா?"

"குழாயும்தான். ஐவி இருக்கா. அப்பா அங்க தனியாக் கிடக்கிறார். அவரை விட்டுட்டு எப்படி வர்றதுன்னு இருந்துச்சு."

"அப்புறம் ஏன் வந்தே?"

"ஐவிக்கு நெவில் இருக்கான். அப்பாவுக்கு இப்ப ஊர் பழகியிருக்கும்." மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "உன்னைத்தான் எல்லாரும் பேசினாங்க. சொல்லியிருக்கணும். எனக்கு வாய் வரல."

"பரவாயில்ல."

"பரவாயில்லன்னு சொல்லாதே. கோவப்படு."

சிலாஸ் கோபப்பட்டுப் பார்த்தான். கோபம் வரத்தான் செய்தது. அடுத்த சால் முழுவதும் தனியாகப் பொறுக்கி முடித்தான். பிறகு திரும்பி வந்து அவள் கூடையை இறக்கி வைத்தான்.

நாலைந்து வருஷம் போயிற்று. திரும்பி வந்தவர்களில் சிலர் மறுபடி இங்கிலாந்துக்கே கப்பலேறினார்கள். புதிய துறைமுகத்துக்குக் கல் சுமக்கும் வேலையில் சிலாஸ் இரண்டு வருஷம் போனான். ஐவிக்கு இரண்டு பிள்ளைகள். ரோடா ஒருமுறை தனியாகப் போய் ஏழு மாதம் இருந்துவிட்டு வந்தாள். சிலாஸ் போகவில்லை. போக வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வான். கப்பல் வந்து நிற்கும் நாளில் அதைப் பார்த்தாலே அவன் முகம் வெளுக்கும்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கும் நாள். ஊரே பட்டியடியில் கூடியிருந்தது. மத்தியானம் எல்லோரும் புல்லில் உட்கார்ந்து கிழங்கு அடைத்த ஆட்டிறைச்சி சாப்பிட்டார்கள். இங்கிலாந்தைப் பற்றிப் பேச்சு வந்தது. வில்ஃபுக்கு இப்போது தொப்பை விழுந்திருந்தது. சிலாஸை முழங்கையால் இடித்தான்.

"இந்தா இருக்கான் பாரு. இவன் பேச்சைக் கேட்டிருந்தா நாமெல்லாம் இப்ப பூங்காவுல பூப் பறிச்சுக்கிட்டு இருப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். சிலாஸும் வழக்கம்போல் சிரித்தான். ரோடா தட்டைக் கீழே வைத்தாள்.

"சிலாஸ் போடல. அந்த ஓட்டு நான் போட்டது."

வில்ஃப் வயிறு குலுங்கச் சிரித்தான். "ஐயோ ரோடா, புருஷனுக்கு வக்காலத்து வாங்குறதுக்கும் ஒரு அளவு வேணும்டி! ஆர்ச்சி பெரியப்பாவோட மகளாவது, இருக்கிறேன்னு போடுறதாவது!"

"நான்தான்டா போட்டேன். பென்சிலால கோடு போட்டேன். என் கையால."

"சரி சரி, நீதான். நான் எரிமலையை ஊதி அணைச்சேன்."

மறுபடி சிரிப்பு. ரோடாவின் முகம் சிவந்துவிட்டது. அவள் இன்னும் இரண்டு முறை சொன்னாள். சொல்லச் சொல்ல, நல்ல பெண்டாட்டி என்று அவளைப் பாராட்டினார்கள். ஒரு கிழவி எழுந்து வந்து அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

மாலையில் ரோமச் சாக்கைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள்.

"ஒரு ஆள் நம்பலையே" என்றாள் ரோடா பாதி வழியில்.

"நம்பியிருந்தா அவங்க சாகுற வரைக்கும் உன்னைப் பேசியிருப்பாங்க" என்றான் சிலாஸ். "எனக்குப் பழகிப்போச்சு. உனக்குப் பழகாது."

"அதுக்காக?"

"அதுக்காக ஒண்ணுமில்ல. வில்ஃபோட பாத்தியில மூணு நாளா புழு தெரியுது. அவன் பார்க்கல. நாளைக்கு மணி அடிச்சா அவன் கடலுக்குப் போயிருவான். நீயும் வர்றியா, ரெண்டு பேருமாப் பொறுக்கினா மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுரும்."

"அவனுக்கா? இன்னிக்கு அவன் பேசின பேச்சுக்கா?"

"புழு அவன் பாத்தியோட நிக்குமா? அடுத்தது நம்மது."

ரோடா கழுதையின் பின்னால் நடந்துகொண்டே யோசித்தாள். பிறகு, "டப்பா கொண்டாரணும். போன தடவை கையில பொறுக்கி அரிச்சுப்போச்சு" என்றாள்.

மறுநாள் மணி அடித்தது. ஆம்பளைகள் துறையைப் பார்த்து ஓடினார்கள். இவர்கள் இருவரும் ஆளுக்கொரு டப்பாவோடு மேற்கே நடந்தார்கள். வில்ஃபின் பாத்தியை முடிக்க மத்தியானம் தாண்டிவிட்டது.